எமகண்டத்தில் கிளம்பிய படகு

டிசம்பர் 10, ஞாயிறு

இனிமேல் அந்தப் படகில் கால் வைத்தால் என் பெயர் சௌந்தரவல்லி இல்லை.

மழை விட்டதும் இன்றுதான் படகைக் கொட்டகையிலிருந்து இழுத்து உப்பங்கழியில் இறக்கினோம். ஆனி மாதம் இவர் ஓய்வு பெற்ற கையோடு வாங்கிய பழைய ஃபைபர் படகு. பின்னால் ஒரு மோட்டார். பொதுப்பணித் துறையில் அத்தனை வருஷம் வாய்க்காலும் மதகும் பார்த்த மனிதருக்கு, வீட்டுக்குப் பின்னால் கழி ஓடும்போது படகு இல்லாமல் இருப்பது அவமானமாம். எனக்கு அது சக்களத்தி. அதற்குப் பாய் போர்த்தி, அதைத் தடவிக் கொடுத்து, அதோடு பேசிக்கொண்டு நிற்கிறார்.

படகின் பின்பக்கம் அடியில் ஒரு ஓட்டை உண்டு. கரையில் நிற்கும்போது மழைத் தண்ணீர் வடிவதற்காக. தண்ணீரில் இறக்குமுன் அதைத் திருகி அடைக்க வேண்டும். அடைக்கவில்லை. பாதி வழியில் என் செருப்பு மிதந்தது. "என்னங்க, தண்ணி வருதுங்க" என்றேன். "தெறிக்கிறதுடி, அப்படித்தான் இருக்கும்" என்றார். தெறிக்கிற தண்ணீர் கணுக்காலுக்கு மேல் நிற்குமா? குளிக்கிற மக் ஒன்று கிடந்தது, அதை வைத்து மொண்டு மொண்டு ஊற்றினேன். அவர் படகைத் திருப்புகிற வேகத்தில், மீன்காரர்கள் வலை கட்ட ஊன்றியிருக்கும் மூங்கில் கம்புகளில் இடதுபக்கம் போய்ச் சடசடவென்று உரசினார். "இதையெல்லாம் யாரு இங்க நட்டது?" என்று அவருக்குக் கோபம் வேறு. நாங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே அவை அங்கே நிற்கின்றன.

டிசம்பர் 11, திங்கள்

நேற்று எழுதியதில் மாற்றம் இல்லை.

டிசம்பர் 14, வியாழன்

என் கொழுந்தனார் தெட்சிணாமூர்த்தி திருச்சியிலிருந்து போன் பண்ணினார். காணும் பொங்கலுக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள். அவர், அவர் மனைவி வச்சலா, ஒன்பது வயது மகள் தேன்மொழி, வச்சலா வீட்டுச் சொந்தங்கள் என்று மொத்தம் ஒன்பது பேர். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு முகத்துவாரத்து மணல்திட்டு வரை படகில் போக வேண்டுமாம். "அண்ணன் ஓட்ட, நாங்க உக்காந்து வர, கண்கொள்ளாக் காட்சி அண்ணி" என்றார். எங்கள் இருவரையும் சேர்த்தால் பதினொன்று. படகின் உள்பக்கத்தில் ஆறு பேர் என்று பெயிண்டில் எழுதியிருக்கிறது. சொன்னேன். "அது வெள்ளைக்காரன் சைஸுக்குப் போட்டது அண்ணி. நம்ம ஆளுங்க ஒடுங்கி உக்காந்துக்குவாங்க."

தெட்சிணாமூர்த்தி ஒடுங்கி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

லைஃப் ஜாக்கெட் எங்கே என்று இவரிடம் கேட்டேன். பீரோவைத் திறந்து காட்டினார். ஆறு ஜாக்கெட்டும் கடையில் கொடுத்த பிளாஸ்டிக் உறையோடு, என் பட்டுப்புடவைகளுக்குக் கீழே, அந்துருண்டை வாசத்தோடு இருந்தன. அழுக்காகிவிடுமாம். சோபாவுக்குப் போட்ட பிளாஸ்டிக்கையே நாலு வருஷம் கழற்றாத வீடு இது. உப்புக் காற்றில் எடுத்துப் போவாரா?

துறைமுக ஊரில் சொந்தப் படகு வைத்திருப்பவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடக்கிறது. இவர் பெயரைத்தான் மகன் துபாயிலிருந்தே பதிந்து வைத்திருந்தான். "எனக்குத் தண்ணியைப் பத்திப் பாடம் எடுக்கறாங்களா? ஆத்தையே திருப்பி விட்டவன்டி நான்" என்றார். குரலில் ஏதோ இடறியது. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவள் நான். ஆள் முகத்தைப் பார்க்காமலே பொய்யைக் கண்டுபிடித்துவிடுவேன். இது வெறும் வீம்பு இல்லை, வேறு ஏதோ. போகட்டும்.

இடம் வீணாகக் கூடாது என்பதற்காக நான் போகிறேன். அதற்காக மட்டும்தான்.

டிசம்பர் 16, சனி

பயிற்சிக்கு வந்தவர்களில் நான் ஒருத்திதான் பெண். "மேடம், கேன்டீன் அந்தப் பக்கம்" என்றான் ஒரு கூலிங்கிளாஸ்காரன். "தெரியும் தம்பி, போய் எனக்கும் ஒரு டீ சொல்லிட்டு வாங்க" என்றேன். போனான்.

பாடம் எடுக்கிறவர் பிளெஸ்ஸி என்று ஒரு பெண்மணி. முப்பத்தைந்து வயது இருக்கும், வெடுக்கென்ற பேச்சு. என் புடவையைப் பார்த்தார். ஜாக்கெட்டை மாட்டச் சொன்னார். மாட்டினேன். கீழே ஒரு பட்டை தொங்கியது. அதைக் கால்களுக்கு நடுவே கொண்டுவந்து முன்னால் மாட்ட வேண்டுமாம். புடவையில் எப்படி மாட்டுவது? எல்லாப் பெண்களையும் போல நானும் அதைச் சுருட்டி மேலே செருகிக்கொண்டேன்.

"அப்படியே குதிங்கம்மா" என்றார்.

"எங்க?"

"தண்ணியிலதான்."

கூலிங்கிளாஸ்காரன் சிரித்தான். அந்தச் சிரிப்புக்காகவே குதித்தேன். ஆழம் கழுத்தளவுதான். ஆனால் விழுந்த வேகத்தில் ஜாக்கெட் மேலே எழும்பிவிட்டது. நான் கீழே போகிறேன், அது மேலே போகிறது. மூக்கு, வாய், காது எல்லாம் அதற்குள். புடவை காலில் கயிறு போலச் சுற்றிக்கொண்டது. கால் ஊன்றும் ஆழத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தும் எனக்கு உயிர் போய் வந்தது. பிளெஸ்ஸி கையைப் பிடித்துத் தூக்கிவிட்டு, மற்றவர்களிடம் சொன்னார்: "பாத்துக்கங்க. நம்ம ஊர்ல படகு கவுந்தா பொம்பளைங்க ஏன் அதிகம் சாகறாங்கன்னு கேப்பீங்கல்ல. ஜாக்கெட் போட்டுத்தான் இருப்பாங்க. பட்டையைப் போட்டிருக்க மாட்டாங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. இத்தனை வயதுக்கும் எனக்கு இதை ஒருத்தரும் சொல்லவில்லையே என்றுதான்.

மாலையில் கடைத்தெருவில் இரண்டு சுடிதார் வாங்கினேன். என் வாழ்க்கையிலேயே முதல் சுடிதார். ஒன்று கத்தரிப்பூ நிறம், ஒன்று பச்சை.

டிசம்பர் 17, ஞாயிறு

இன்று மோட்டார். பெட்ரோலை மூன்று பங்காக நினைத்துக்கொள்ள வேண்டும். போக ஒன்று, வர ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று. கிளம்புமுன் கரையில் ஒருவரிடம் எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம், வராவிட்டால் யாருக்குப் போன் போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். விசில் ஜாக்கெட்டிலேயே கட்டியிருக்க வேண்டும். பைக்குள் இருக்கிற விசிலால் பயனில்லை.

பிறகு சிவப்புக் கயிறு. ஒரு முனையில் இருக்கும் கிளிப் மோட்டாரில் மாட்டியிருக்கும். மறுமுனை ஓட்டுகிறவர் மணிக்கட்டில். ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் கிளிப் கழன்று மோட்டார் நின்றுவிடும். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து விழுந்தவர் மேலேயே ஏறுமாம். எங்கள் படகில் அந்தக் கிளிப்பை இவர் பிளாஸ்டிக் பட்டை போட்டு மோட்டாரோடு இறுக்கிக் கட்டி வைத்திருக்கிறார். "அடிக்கடி கழண்டு நின்னு போவுது, தொல்லை" என்று.

பிறகு ஓட்டச் சொன்னார்கள். பிடியை வலப்பக்கம் தள்ளினால் படகு இடப்பக்கம் போகிறது. கூலிங்கிளாஸ்காரன் படகுத்துறையில் முட்டினான். நான் முட்டவில்லை. "இதுக்கு முன்னாடி ஓட்டியிருக்கீங்களாம்மா?" என்றார் பிளெஸ்ஸி.

தூக்கம் வரவில்லை. விடுதி மெத்தை சரியில்லை, அதனால்தான்.

டிசம்பர் 18, திங்கள்

பச்சைச் சுடிதாரிலேயே ஊருக்குள் வந்து பஸ் இறங்கினேன். தெருமுனையிலிருந்து வீடு வரை ஒவ்வொரு வாசலிலும் ஒரு தலை. "என்னக்கா, ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள் ஒருத்தி. துணி மாறினால் வைத்தியம் பார்க்கச் சொல்லுகிற ஊர். "ஒடம்பு இப்பத்தான் சரியாயிருக்கு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

இவர் இடதுபக்கத் திண்ணையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே வந்து நின்றும் நிமிரவில்லை. பேசியதும்தான் திடுக்கிட்டு, முகத்தை முழுசாகத் திருப்பிப் பார்த்தார். "இது என்ன கோலம் வல்லி?" என்றார். "உங்க சக்களத்திக்குப் பிடிச்ச கோலம்" என்றேன்.

டிசம்பர் 22, வெள்ளி

இவர் மதியம் தூங்கும்போது படகைக் கழுவினேன். பிளாஸ்டிக் பட்டையை வெட்டி எறிந்தேன். ஓட்டைக்குரிய மூடியைச் சின்னச் சங்கிலியில் படகோடு கட்டிப் போட்டேன், இனி தொலையாது. கழுவிய தண்ணீர் வடிய வேண்டுமே என்று மரப்பாலம் வரை ஒரு சுற்று ஓட்டினேன். தண்ணீர் நன்றாக வடியவில்லை. இன்னொரு சுற்று.

டிசம்பர் 27, புதன்

மனிதருக்கு வயதாக ஆக அலட்சியம் கூடுகிறது. காலையில் காபி டம்ளரைத் தட்டிவிட்டார். பக்கத்திலேயே வைத்திருந்தேன். "எங்க வெச்சே? சொல்லிட்டு வெக்க மாட்டியா?" என்று என்மேல் பாய்ந்தார். பைக்கின் இடது கைப்பிடி வாசல் தூணில் உரசிய தடம் மூன்றாகிவிட்டது. மார்கழிக் கோலத்தின் நடுவே காலை வைத்தார். கேட்டால் "பாதையிலயா போடுவாங்க" என்கிறார். பாதையில்தான் போடுவார்கள்.

படகில் கூட வந்தேன். (மேலே பத்தாம் தேதி எழுதியதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.) மறுபடியும் அதே மூங்கில் கம்புகள். மறுபடியும் இடதுபக்கம். "வலது, வலது!" என்று கத்தினேன். "எனக்கே சொல்லித் தர்றியா?" என்றார்.

டிசம்பர் 31, ஞாயிறு

சமையலறையில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, என் பயிற்சி எதற்கும் உதவாது என்று பிரசங்கம். எரிச்சலில், கரண்டியோடு அவர் இடப்பக்கம் போய் நின்று நாக்கைத் துருத்தினேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். முகத்தைக் கோணினேன். கண்ணை உருட்டினேன். பேசிக்கொண்டே இருந்தார். கரண்டியை அவர் காதுக்குப் பக்கத்தில், கன்னத்துக்குப் பக்கத்தில் ஆட்டினேன்.

இமை அசையவில்லை.

அப்பளம் கருகுகிற வாசம் வந்ததும்தான் அவர், "வல்லி, எங்க போனே?" என்று வலப்பக்கம் பார்த்துக் கேட்டார். நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அடுப்பை அணைத்தேன். கொல்லைக்குப் போய் அழுதேன். டம்ளருக்குத் திட்டியது, பைக்குக்குத் திட்டியது, கோலத்துக்குத் திட்டியது எல்லாம் ஒவ்வொன்றாக வந்து நின்றது.

ஜனவரி 1, திங்கள்

காலையில் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. "இடது கண்ணு எப்பலேர்ந்துங்க?"

பேப்பரை மடித்துக் கீழே வைத்தார். பிறகு, "ஆடியிலயே காட்டினேன். கண்ணுக்குள்ள அழுத்தமாம். போனது போனதுதான், இருக்கறதைக் காப்பாத்தலாம்னாங்க. சொட்டு மருந்து குடுத்தாங்க."

"விட்டுக்கறீங்களா?"

"கொஞ்ச நாள் விட்டேன்."

"அப்புறம்?"

"விட்டா மட்டும் தெரியப் போவுதா?"

எனக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரத்தில் மடியில் போட்டுக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு நாளைக்கே போகலாம் என்றேன். பொங்கல் போகட்டும் என்றார். "தெட்சிணா வர்றான். அவனுக்கு நான் அண்ணன்டி. சின்ன வயசுல அவனை முதுகுல கட்டிக்கிட்டு இந்தக் கழியை நீந்தியிருக்கேன். இந்த ஒரு தடவை அவங்களை வெச்சு ஓட்டிடறேன். அப்புறம் படகை வித்துடு. யாருகிட்டயும் சொல்லாதே. சத்தியம் பண்ணு."

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். அது உங்க கண்ணு, நீங்க சொல்றப்ப சொல்லுங்க. ஆனா நீங்க ஓட்ட மாட்டீங்க."

"அப்ப அவங்ககிட்ட என்னன்னு சொல்லுவே?"

"நான் ஓட்டுறேன்னு சொல்லுவேன்."

"ஏன்னு கேப்பாங்க."

"எனக்குத் திமிருன்னு நெனைச்சுக்கட்டும்."

ஜனவரி 6, சனி

போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெட்சிணாமூர்த்தி வீட்டோடு பேசினேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு நடைக்கு ஐந்து பேர், என்னோடு சேர்த்து ஆறு. அதனால் இரண்டு நடை. காலை ஆறரைக்கு முதல் நடை. மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறி, கழியிலிருந்து கடலுக்கு வடிகிற தண்ணீரோடு மோதி முகத்துவாரத்தில் அலை எழும்பிவிடும். எல்லோரும் ஜாக்கெட். பட்டையோடு. ஆகவே யாரும் புடவை கட்டக் கூடாது. நான்தான் ஓட்டுவேன்.

ஒரே நேரத்தில் நாலு குரல். காணும் பொங்கலுக்குப் புடவை கட்டாமல் நைட்டியிலா வருவார்கள்? ஆறரைக்கு யார் எழுந்திருப்பது? "அண்ணன் குத்துக்கல்லாட்டம் இருக்கறப்ப நீங்க எதுக்கு அண்ணி?" என்றார் தெட்சிணாமூர்த்தி. "ரெண்டு நாள் படிச்சதுக்கே இப்படியா? அண்ணே, நீ என்ன சொல்றே?"

இவர் தொண்டையைச் செருமினார். "அவ சொல்றபடியே..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார்.

"ஆகட்டும்ணே, வந்து பேசிக்கறேன். உன்னை ரொம்பத்தான் அடக்கி வெச்சிருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து வச்சலா மட்டும் தனியாகக் கூப்பிட்டாள். "அக்கா, அந்தப் பட்டை விஷயம் நெசமாவா?" என்றாள். நெசம் என்றேன். வைத்துவிட்டாள்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல். நன்றாகப் பொங்கியது. ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தேன். நல்ல நாளும் அதுவுமாக என்று வாயை அடைத்துவிட்டார்.

ஜனவரி 16, செவ்வாய்

எல்லோரும் வந்து இறங்கினார்கள். மாட்டுக்குப் பொங்கல் வைக்க எங்களிடம் மாடு இல்லை. படகுக்குச் சந்தனம் வைத்து மாலை போட்டார் தெட்சிணாமூர்த்தி. மாலையை மோட்டாரின் மேலேயே போட்டார். அவர் உள்ளே போனதும் கழற்றினேன், பூ உதிர்ந்து தண்ணீருக்குள் சுற்றும் சுழலியில் சிக்கும். ஜாக்கெட்டுகளின் பிளாஸ்டிக்கை உரித்தேன். விசில் கட்டினேன். பெட்ரோல் குழாயை முகர்ந்து பார்த்தேன், கசிவு இல்லை. கயிறு, நங்கூரம், குடிதண்ணீர், மொண்டு ஊற்ற வாளி, உறைக்குள் போன்.

தேன்மொழி மட்டும் கூடவே வந்து பட்டையைத் தானே மாட்டிப் பார்த்தாள். "பெரியம்மா, இது யானைக்குக் கட்டுற மாதிரி இருக்கு" என்றாள்.

ஜனவரி 17, புதன்

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஆறு மணிக்கே நான் துறையில் நின்றேன். கழி எண்ணெய் ஊற்றியது போலக் கிடந்தது. ஆறரைக்கு வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்கள். ஏழேகாலுக்கு நாலு பேர் தயார். "ஏழரைக்கு எமகண்டம் அண்ணி. கால் மணி நேரத்துல கிளம்பி எமகண்டத்துல தண்ணியில இருக்கறதா? ஒன்பதுக்கு மேல போவலாம்" என்றார் தெட்சிணாமூர்த்தி. ஒன்பதுக்கு மேல் இட்லி. இட்லிக்கு மேல் பட்டுப்புடவை, பூ, நகை. நான் சொன்ன ஒன்றையும் ஒருத்தியும் காதில் வாங்கவில்லை. புளியோதரை ஆறுவதற்கு ஒரு மணி நேரம். எல்லோரும் துறைக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு அடிக்கப் போகிறது. உடனே யாரோ ராகு காலம் என்றார்கள். அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டார்கள். எமனுக்கும் ராகுவுக்கும் பயந்தவர்கள் காற்றை ஒரு தடவையாவது நிமிர்ந்து பார்த்தார்களா?

ஒன்றரைக்கு எழுந்தார்கள். அதற்குள் வேப்பமரம் ஒருபக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் வெள்ளை வெள்ளையாக அலை எழும்புவது அங்கிருந்தே தெரிந்தது. துறையில் கட்டியிருந்த படகே தாவிக்கொண்டிருந்தது.

"இன்னிக்குப் போவ முடியாது" என்றேன். "காத்து ஏறிடுச்சு. நாளைக்குக் காலையில போவலாம்."

"நாளைக்குக் காணும் பொங்கலா அண்ணி?" தெட்சிணாமூர்த்தி கையிலிருந்த சோற்றுத் தூக்கைத் தொப்பென்று கீழே வைத்தார். "வந்ததுலேர்ந்து பாக்கறேன். அதைப் போடாதே, இதைக் கட்டாதே, அங்க உக்காராதே. இது எங்க அண்ணன் வாங்கின படகு. அண்ணே, நீ வாண்ணே. நீ ஓட்டு. பொம்பளை பேச்சைக் கேட்டா நல்ல நாளு பாழாப் போயிடும்."

சொல்லிக்கொண்டே தேன்மொழியைத் தூக்கிப் படகில் உட்கார வைத்தார். அவள் ஜாக்கெட் மரத்தடியில் கிடந்தது. தானும் ஏறிக்கொண்டார். எல்லோரும் இவரையே பார்த்தார்கள். இவர் என்னைப் பார்க்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய் ஏறி, மோட்டார் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சிவப்புக் கயிறு என் மணிக்கட்டில் இருந்தது. கிளிப் என் உள்ளங்கையில். அதை மாட்டாமல் மோட்டார் கிளம்பாது. முழங்கால் தண்ணீரில் இறங்கி, படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"குடு வல்லி" என்றார், கையை நீட்டி.

"மாட்டேன்."

"எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும்."

"அண்ணி, உங்க திமிருக்கு ஒரு அளவு வேணாமா?" என்று கத்தினார் தெட்சிணாமூர்த்தி.

"அளவே இல்ல தம்பி. இன்னிக்குத்தான் தெரியுதா?"

கரையில் யாரோ "சீ" என்றார்கள். புருஷனைச் சபையில் வைத்து இப்படியா என்று இன்னொரு குரல். ஒரு வார்த்தை போதும். அவர் கண்ணைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்தக் கூட்டம் என்னைத் தெய்வமாக்கியிருக்கும். தொண்டை வரை வந்தது. விழுங்கினேன். அந்தக் கிளிப்புக்குப் பதிலாக கொஞ்சம் நூலை இறுக்கிச் சுற்றினாலும் மோட்டார் கிளம்பும் என்பது அவருக்கும் தெரியும். அவர் சட்டைப் பையில் புளியோதரைப் பொட்டலம் கட்டிய நூல் இருந்தது. எடுத்தார். விரலில் சுற்றினார்.

அப்போது ஒரு அலை வந்து படகு துள்ளியது. அவருக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த தேன்மொழி விளிம்பில் சரிந்தாள். "பெரியப்பா, கையைக் குடுங்க!" என்று கையை நீட்டினாள். அந்தச் சின்னக் கை அவர் இடது கன்னத்துக்குப் பக்கத்தில், ஒரு ஜாண் தூரத்தில் நீண்டுகொண்டிருந்தது.

அவர் நூலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பெரியப்பா!"

அவர் குரல் வந்த திசையைத் தேடி, கையை வெறுங்காற்றில் வீசினார். அவள் தோளைத் தொடவில்லை. நான் எட்டி அவள் பாவாடையைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்து இடுப்பில் வைத்துக்கொண்டேன். பிள்ளை பயந்துபோய் என் கழுத்தைக் கட்டிக்கொண்டது.

இவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நூல் விரலிலிருந்து நழுவியது. அப்புறம் மெதுவாக எழுந்து, விளிம்பைத் தடவிப் பிடித்துத் தண்ணீரில் இறங்கினார்.

"தெட்சிணா, எறங்குடா" என்றார்.

"என்னண்ணே?"

"எனக்கு இடது கண்ணு தெரியலடா. ஆடியிலேர்ந்து. பிள்ளை கையை நீட்டினது தெரியல." குரலில் இடறலே இல்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அவர் குரல் நேராக வந்தது. "உங்க அண்ணிக்குத் தெரியும். சொல்லாதேன்னு நான்தான் கேட்டுக்கிட்டேன். அவ சொல்லல."

தெட்சிணாமூர்த்தி படகிலிருந்து இறங்கும்போது கால் தடுக்கி இடுப்பு வரை நனைந்தார். என்னிடம் வந்து நின்றார். அழுகிறாரா, கோபமா என்று தெரியவில்லை.

"சொல்லியிருக்கலாமே அண்ணி. நான் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேனே."

"பேசினீங்க. அதுக்காக அவர் கண்ணை நான் ஏலம் போடணுமா?"

தேன்மொழியை அவரிடம் கொடுத்துவிட்டு, படகை இழுத்துக் கட்டினேன். இரண்டு முடிச்சு போட்டேன்.

ஜனவரி 18, வியாழன்

ஆறு மணிக்குத் துறைக்குப் போனேன், யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு. வச்சலா எனக்கு முன்னால் அங்கே நின்றாள். தெட்சிணாமூர்த்தியின் டிராக் பேண்ட்டை இடுப்பில் நாடாவால் இறுக்கிக் கட்டியிருந்தாள். மேலே அவருடைய சட்டை. "பட்டுப்புடவையில சாவணும்னு எனக்கு வேண்டுதல் ஒண்ணும் இல்லக்கா" என்றாள். தேன்மொழி ஜாக்கெட்டும் பட்டையுமாக, விசிலை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள்.

தெட்சிணாமூர்த்தி பின்னாலேயே வந்தார். வானத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், தயங்கினார். "அண்ணி... இன்னிக்கு ஆறுலேர்ந்து ஏழரை எமகண்டம்."

"தெரியும். காத்து இல்லாத நேரமும் அதுதான்."

"இல்ல, ஒரு ஒன்றரை மணி நேரம்..."

"நீங்க கரையில நில்லுங்க தம்பி. மணல்திட்டு வரைக்கும் போறோம். எட்டு மணிக்குள்ள வந்துடுவோம். வரலைன்னா இந்த நம்பருக்குப் போன் போடுங்க. இங்கேருந்து நகரக் கூடாது, டீ குடிக்கக்கூட. படகுல வர்றவங்க உசுரு இப்ப உங்க கையில இருக்கு." காகிதத்தை வாங்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அதற்கு மேல் எமகண்டத்தைப் பற்றிப் பேசவில்லை.

இவர் கடைசியாக வந்தார். நேற்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசவில்லை. வேட்டிக்குப் பதில் பேண்ட் போட்டிருந்தார். ஜாக்கெட்டை எடுத்து மாட்டி, குனிந்து, பட்டையைத் தேடி எடுத்து, யாரும் சொல்லாமலே மாட்டிக்கொண்டார். மோட்டார் பக்கம் வரவில்லை. முன்னால் போய் உட்கார்ந்தார்.

மூடியைத் தொட்டுப் பார்த்தேன். கயிற்றை மணிக்கட்டில் மாட்டினேன். ஒரே இழுப்பில் மோட்டார் பிடித்தது.

கழி அப்படியே கிடந்தது, ஒரு சுருக்கம் இல்லை. வச்சலா முதலில் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். மரப்பாலம் தாண்டியதும் ஒரு கையை விட்டாள். பிறகு சிரித்தாள், காரணமே இல்லாமல்.

கொஞ்ச தூரம் போனதும் இவர் திரும்பாமலே கேட்டார். "வல்லி, இடப்பக்கம் என்ன இருக்கு?"

மோட்டாரின் வேகத்தைக் குறைத்தேன், என் குரல் அவருக்குக் கேட்க வேண்டும் என்பதற்காக.

"கம்பு வரிசைங்க. தள்ளித்தான் போறேன். ஒரு கம்பு மேல நீர்க்காக்கா உக்காந்து ரெக்கையைக் காய வைக்குது. ரெண்டு பேரு தோணியில வலை எடுக்கறாங்க. ஒருத்தன் நம்மளைப் பாத்துக் கை ஆட்டறான்."

அவர் இடது கையைத் தூக்கி, தனக்குத் தெரியாத அந்த மனிதனுக்கு ஆட்டினார்.

"அப்புறம்?"

"திங்கட்கிழமை ஆஸ்பத்திரி போறோம்."

"அது இடப்பக்கத்துலயா இருக்கு?"

"எந்தப் பக்கத்துல இருந்தாலும் போறோம்."

"சரி" என்றார். "இப்ப என்ன இருக்கு, அதைச் சொல்லு."

மணல்திட்டு வரைக்கும் சொன்னேன், திரும்பி வரும்போதும் சொன்னேன். ஒன்றைக்கூட விடவில்லை.